மீன் முள் பாம்புப் பல் அல்ல

விஷ மீன் குத்தினால் என்ன செய்வது என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் விடை, பாம்புக்கடிக்கு அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட விடைதான். குத்துப்பட்ட இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு, கீறி ரத்தத்தை வெளியேற்று, ஐஸ் வை, ஆஸ்பத்திரிக்குப் போய் விஷமுறிவு ஊசி போடு. இதனோடு இன்னும் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது கடல்காரர் பாடு, உள்நாட்டாருக்கு இதில் வேலையில்லை என்பது ஒன்று. வலி அடங்கிவிட்டால் விஷம் இறங்கிவிட்டது, பிறகு கவலையில்லை என்பது மற்றொன்று. இவற்றில் சில வெறும் வீண் வேலை. சில காயத்தை மோசமாக்குபவை. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

முதலில் இடத்தைப் பற்றிய நம்பிக்கை. சித்தன்னவாசல் கடலோர ஊர் அல்ல; புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கி.மீ. தள்ளி, பாறைக்குன்றும் வானம் பார்த்த நிலமுமாக இருக்கிறது. ஆனால் அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் பாண்டியர் கால ஓவியர்கள் தீட்டியிருப்பது ஒரு தாமரைக் குளம். அதில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஆட்கள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். குளத்துக்குள் மீனும் மனிதனும் ஒன்றாய் நிற்கும் காட்சி இந்த வட்டாரத்துக்கு இன்றும் பழக்கமானது. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, பொன்னமராவதிப் பகுதிக் கண்மாய்களில் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும் கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருக்கும் கூட்டம் ஊத்தா, கச்சா, தூரி, வலை எனக் கைக்குக் கிடைத்ததோடு சேற்றில் பாய்கிறது. ஊத்தாவைத் தரையோடு அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி, உள்ளே சிக்கியதைப் பிடிப்பார்கள். கலங்கிய சேற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கைக்குத் தட்டுப்படுவது விராலாகவும் இருக்கலாம், ஜிலேபியாகவும் இருக்கலாம், தேளியாகவும் இருக்கலாம்.

தேளி நன்னீர் மீன். கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. செதில் கிடையாது, வாயைச் சுற்றி நான்கு இணை மீசை. பக்கத் துடுப்பு ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் ஒரு கூரான முள் இருக்கிறது. முள்ளைப் போர்த்தியிருக்கும் தோலுக்குள் விஷச் செல்கள் உள்ளன. செவுள் அறையிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு காற்றுப்பைகளைக் கொண்டு இது நேரடியாகக் காற்றைச் சுவாசிக்க வல்லது. அதனால் மற்ற மீன்கள் செத்து மிதக்கும் குட்டையிலும் தேளி சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். கண்மாய் வற்ற வற்றத் தேளி சிறிய இடத்துக்குள் ஒதுங்குகிறது. ஊர்மக்கள் வெறுங்கையும் வெறுங்காலுமாக இறங்குவதும் அந்த நேரத்தில், அந்த இடத்தில்தான். குத்து வாங்க இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டியதில்லை. கடலையே பார்க்காமல் விஷ மீன் குத்துக்கு ஆளாவது புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் முற்றிலும் சாத்தியம்.

விஷ மீன் என்பது அபூர்வமான ஏதோ ஒன்று என்ற எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விஷ மீன்கள் 200 இனம்போல இருக்கும் என்பது பழைய கணக்கு. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டும் என்று காட்டியது. 2009-ல் வந்த இன்னொன்று, கெளுத்தி வகைகளில் மட்டுமே குறைந்தது 1,250 இனங்கள் விஷ முள் கொண்டவை என்று மதிப்பிட்டது. உலகில் விஷப் பாம்புகள் சுமார் 600 இனங்கள்தாம். சந்தையில் கூறு கட்டி விற்கும் கெளுத்தி பலவற்றுக்கும் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள் உண்டு. மீன் மிரண்டதும் மூன்றும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். மீனைப் பிடித்து அழுத்தினாலும் மடங்காது.

கடலுக்கு வந்தால், ஆழத்தில்தான் ஆபத்து, கரையோரம் கால் நனைப்பவருக்கு ஒன்றுமில்லை என்பது அடுத்த நம்பிக்கை. உண்மை இதற்கு நேர்மாறானது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சுமார் 40 கி.மீ. கடற்கரை உண்டு, கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகியவை அதில் தெரிந்த பெயர்கள். எதிரே இருப்பது பாக் விரிகுடா. அலை அடங்கிய, சேறும் மணலும் படிந்த, சராசரியாக ஒன்பது மீட்டர் அளவே ஆழமுள்ள கடல். அதன் அடியில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. அந்தப் புல்லை நம்பி வாழும் கடற்பசுவுக்காகத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு ஏற்ற இடம் ஓரா என்ற முள்மீனுக்கும் ஏற்ற இடம். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கைக்கும், கூட்டமாக மேயும் இருங்கெளுத்திக்கும் அப்படியே.

திருக்கை மணலை மேலே போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் படுத்திருக்கும். முழங்கால் அளவுத் தண்ணீரே அதற்குப் போதும். அதன் முதுகில் மிதித்தால் வால் மேல்நோக்கிச் சுழன்று கணுக்காலிலோ பாதத்தின் மேற்புறத்திலோ முள்ளை இறக்குகிறது. அது தாக்குதல் அல்ல, மிதிபட்டதற்கான எதிர்வினை. 2013 செப்டம்பரில் மும்பை கிர்காவ் சௌபாட்டியில் பிள்ளையார் சிலைகளைக் கரைக்கக் கடலில் இறங்கியவர்களில் பல பத்துப் பேர் திருக்கை குத்தி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அவர்கள் நின்றதெல்லாம் கரையோரத்தில்தான். ஆடி அமாவாசைக்கு மணமேல்குடிக் கோடியக்கரையில் நீராட இறங்கும் கூட்டமும் அதே ஆழத்தில்தான் நிற்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவின் பாறையும் பவளமும் உள்ள பகுதியில் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும் மீன்கள் சேர்ந்துகொள்கின்றன. 2020-ல் சேதுக்கரை அருகே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட நிறம் மாறும் அரிய மீன் இந்த வகைதான். முதலில் பவளத் துண்டு என்று நினைக்கப்பட்டது, தொட்டதும் நிறம் மாறியது.

இனி வைத்தியத்துக்கு வரலாம். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் பாம்பு வைத்தியத்திலேயே இன்று கைவிடப்பட்டவை. மீன் முள்ளுக்கு அவை பொருந்தாமல் போவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நாகமோ கண்ணாடிவிரியனோ கடிக்கும்போது விஷப்பையைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, பல் வழியாக விஷத்தைப் பீய்ச்சுகிறது. அந்த விஷம் உடலெங்கும் பரவி நரம்பையோ ரத்தத்தையோ சிறுநீரகத்தையோ தாக்குகிறது. மீனிடம் அப்படிப் பீய்ச்சும் அமைப்பு கிடையாது. திருக்கை முள்ளின் அடிப்பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. அவற்றில் விஷத் திசு படிந்திருக்கிறது. மேலே மெல்லிய உறை. முள் சதைக்குள் இறங்கும்போது உறை கிழிந்து திசு நசுங்கி விஷம் கசிகிறது. முள்ளின் ஓரங்களில் பின்னோக்கி வளைந்த ரம்பப் பற்கள் இருப்பதால், உள்ளே போகும்போது கிழித்ததைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கிறது. கிழிந்த உறையின் துணுக்குகளும் சில சமயம் முள்ளின் உடைந்த துண்டும் காயத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இந்த விஷத்தின் வேலை பெரும்பாலும் குத்திய இடத்திலேயே நடக்கிறது. கடுப்பு உடனே தொடங்கி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். திருக்கைக் குத்தின் வலி இரண்டு நாள்வரை நீடிப்பதும் உண்டு. வியர்வை, வாந்தி, தலைசுற்றல், தசைப்பிடிப்பு வரலாம். ஆனால் மேலே ஏறும் விஷத்தைக் கட்டுப் போட்டு மறிப்பது என்ற கணக்கே இங்கே எழவில்லை. கட்டு செய்வதெல்லாம் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து சதை சாகத் தொடங்கியிருக்கும் பகுதிக்கு மிச்ச ரத்தத்தையும் நிறுத்துவதுதான். விஷம் அங்கேயே தேங்கி, சதைச் சேதம் கூடும். பிளேடால் கீறினால் இன்னொரு காயம். வாய் வைத்து உறிஞ்சினால் வாயிலுள்ள கிருமிகள் அத்தனையும் காயத்துக்குள். ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து அழுத்திப் பிடிப்பது வேறு விஷயம். அது கட்டாயம் செய்ய வேண்டியது.

விஷமுறிவு ஊசி பற்றிய எதிர்பார்ப்பும் பாம்பிடமிருந்து இரவல் வாங்கியதே. இந்திய அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் பாம்பு விஷமுறி நான்கு பாம்புகளுக்கானது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கிறார்கள். மீன் விஷத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. போட்டால் பயன் இருக்காது, ஒவ்வாமை வந்தால் அதுதான் மிச்சம். மீன் விஷத்துக்கென்று மருத்துவப் பயன்பாட்டில் உள்ள முறிவு மருந்து ஒன்றே ஒன்று: கல்மீனுக்கு எதிராக ஆஸ்திரேலியாவில் 1959 முதல் தயாராவது. திருக்கைக்கும் கெளுத்திக்கும் தேளிக்கும் அப்படி ஒன்று சந்தையில் இல்லை. ஆகவே டாக்டர் பாம்பு ஊசி போட மறுத்தால் அது அலட்சியம் ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். வலையில் கடல்பாம்பும் வருவதுண்டு. அது கடித்தால் கடித்த இடத்தில் வலி அநேகமாகத் தெரியாது. சில மணி நேரத்தில் உடல் தசைகள் வலித்து விறைக்கும், கண்ணிமை தொங்கும். குத்திய நொடியிலேயே அலறவைப்பது மீன். சும்மா இருந்துவிட்டு மெல்லப் படுக்கவைப்பது பாம்பு. வலையை உதறும்போது ஏதோ கடித்தது, ஆனால் வலியில்லை என்றால் நிம்மதி அடையக் கூடாது. கையை அசைக்காமல் சிம்பு வைத்துக் கட்டி, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐஸ் பற்றிய நம்பிக்கைதான் மிகப் பரவலானது, அதற்குக் காரணமும் வெளிப்படை. மீன்பிடித் துறைமுகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஐஸ். சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் ஐஸ் நல்லது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மீன் முள்ளுக்கு வேண்டியது சூடு. மீன் விஷங்களில் வலி உண்டாக்கும் பகுதி பெரும்பாலும் புரதம். சூட்டில் அதன் வடிவம் குலைந்து வீரியம் போகிறது. கலிஃபோர்னியாவில் திருக்கை குத்தி மருத்துவமனைக்கு வந்த 119 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியானது. முதல் சிகிச்சையாக வெந்நீர் மட்டும் தரப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு, வேறு மருந்தில்லாமலே அரை மணி நேரத்துக்குள் வலி நின்றது. கல்லோடு ஒட்டிக் கிடக்கும் தேள்மீன் வகைக் குத்துகளிலும் வெந்நீர் இதேபோலப் பலன் தருவதாகப் பதிவுகள் உள்ளன.

சூடு எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. மனிதத் தோல் தாங்கும் சூடு, ஆழத்தில் கிடக்கும் விஷத்தை முழுதாகக் குலைக்கப் போதாது என்பது ஒரு சாராரின் வாதம். சூடு வலி நரம்புகளின் செய்தியையே மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். வெந்நீரிலிருந்து காலை எடுத்ததும் சிலருக்கு வலி திரும்புவது இந்த வாதத்துக்குச் சாதகம். எது சரியானாலும் காலில் குத்து வாங்கியவர் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. ‘வெந்நீர் விஷத்தை முறித்துவிட்டது’ என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவது மட்டும் தவறு.

வெந்நீர் என்றால் கொதிநீர் ஆகாது. 45 டிகிரி செல்சியஸ்தான் மேல் எல்லை. அதைத் தாண்டினால் தோல் வெந்துவிடும். வெப்பமானி யார் கையிலும் இருக்காது, கணக்கு எளிது. தொட்டித் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், நாலு சொம்புத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கும் நீர் ஒரு சொம்பு ஊற்றினால் 44 டிகிரி வரும். வெயிலில் காய்ந்த தொட்டியாக இருந்தால் கொதிநீரைக் குறைக்க வேண்டும். சூட்டைப் பார்க்க வேண்டியது குத்துப்படாத கை அல்லது பக்கத்தில் இருப்பவரின் கை. குத்துப்பட்ட காலின் உணர்ச்சியை நம்பக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டவருக்கும் இது இன்னும் கறாராகப் பொருந்தும். காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வைத்து, ஆற ஆறச் சூடு சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்கிய பிறகே மறுபடி வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைத் தவறவிட்டுக் காலைச் சுட்டுக்கொள்வது எளிது. விசைப்படகில் சோறு பொங்கும் அடுப்பு இருப்பதால் கடலிலேயே இதைத் தொடங்கிவிடலாம். ஃபைபர் படகில் அடுப்புக்கு வழியில்லை. ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவது செலவில்லாத காப்பு. தோள், முதுகு என அமிழ்த்த முடியாத இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் தரலாம். கிராமத்து ஒத்தட வழக்கம் இந்த ஓர் இடத்தில் ஐஸ்பெட்டியைவிட அறிவியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மற்றக் கைமருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு காரம்; திறந்த காயத்தில் அது சதையை அரிக்கும், காயத்தின் நிறத்தையும் மறைத்துவிடும். சாம்பல், சாணி, மண் ஆகியவை டெட்டனஸ் கிருமிக்கு வாசல் திறப்பவை. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விஷத்தைப் போக்கும் குணம் எதுவும் இல்லை. சிறுநீர் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் சொறிமீனை ஒட்டிப் பிறந்த கதை, அங்கேயும் அது நிரூபணமாகவில்லை. வினிகருக்குச் சில வகைச் சொறிமீன் விஷயத்தில் நியாயமான இடம் உண்டு. வெடிக்காமல் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டுச் செல்களை அது தடுக்கிறது. மீன் முள்ளில் அப்படிப்பட்ட செல்லே கிடையாது.

இனி, வலி அடங்கினால் தீர்ந்தது என்ற நம்பிக்கை. மீன் குத்தியவர்களைப் பின்னால் படுக்கவைப்பது பெரும்பாலும் விஷம் அல்ல. காயத்துக்குள் தங்கிய அழுக்கும் கிருமியும்தான். கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. கல்லீரல் கெட்டவர், நெடுநாள் குடிப்பவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர் உடலில் இவை ஒரே நாளில் சதையை அழுகவைத்து உயிரையே வாங்கக்கூடியவை. கண்மாய்ச் சேற்றில் ஏரோமோனாஸ் என்ற வேறொரு கிருமி அதே வேலையைச் செய்கிறது. காசநோய்க் கிருமியின் உறவினமான ஒன்று, மீன் கையாளுபவர்களின் விரலில் புகுந்து, சில வாரம் கழித்து ஆறாத முடிச்சாகத் தலைகாட்டும். அதற்குள் குத்து வாங்கியதே மறந்துபோயிருக்கும். ஆகவே மருத்துவரிடம் ‘முள் குத்திச்சு’ என்று மட்டும் சொன்னால் போதாது. கடலா கண்மாயா, எந்த மீன், எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். சாதாரணத் தோல் காயத்துக்கு எழுதும் ஆன்டிபயாடிக் மாத்திரை தண்ணீர்க் கிருமிகளுக்குக் கேட்காமல் போகலாம். அந்த விவரம் தெரிந்தால்தான் அவர் மருந்தை மாற்றி எழுத முடியும். மருந்துக்கடையில் தானாகவே இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இதனால்தான் பல நேரம் பலிப்பதில்லை.

வெந்நீர் வைத்தியம் முடிந்ததும் காயத்தைச் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். மேலாகத் தெரியும் முள்துண்டை இடுக்கியால் எடுக்கலாம். டெட்டனஸ் ஊசி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். திருக்கைக் குத்தானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. உடைந்த முள் சுண்ணச்சத்து உள்ளதாகையால் பெரும்பாலும் படத்தில் தெரியும். தெரியாத உறைத் துணுக்கை மருத்துவர் காயத்தைத் திறந்து கழுவித்தான் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட காயத்தை உடனே தையல் போட்டு மூடாமல் விடுவது மருத்துவர்களின் வழக்கம். நோயாளிகள் அதைக் கவனக்குறைவு என்று எண்ணிச் சண்டை போடுவதற்கு இடமில்லை. சிவப்பு மேலேறுதல், வீக்கம் கூடுதல், காய்ச்சல், கொப்புளம், அடங்கிய வலி மறுபடி ஏறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை. 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ தொடையிடுக்கிலோ ஏறியிருந்தால் விதி தலைகீழாகிறது. அங்கே முள்ளைப் பிடுங்கவே கூடாது. ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அந்த முள்ளாகவே இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4 அன்று ஆழமில்லாத கடலில் படப்பிடிப்பின்போது இறந்தது, திருக்கை முள் மார்பைத் துளைத்ததால். உலகமே ‘திருக்கை விஷத்தில் இறந்தார்’ என்று பேசிக்கொண்டது. உயிரைப் பறித்தது இதயத்தில் விழுந்த துளை.

தடுப்பு பற்றிய பொதுக் கருத்து, பார்த்து நடந்தால் போதும் என்பது. கலங்கல் நீரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பாக் விரிகுடாவில் இறங்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், மணலோடு தேய்த்துத் தேய்த்து நகர்வதே வழி. அதிர்வை உணர்ந்த திருக்கை தானாக விலகிவிடும். விலகாததன் பக்கவாட்டில் பாதம் இடிக்குமே தவிர முதுகை மிதிக்காது. முன்னால் ஒரு கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போவது இன்னும் நல்லது. செருப்பு பாறைமேல் உதவும். திருக்கை முள்ளை அது நிறுத்தாது. பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வது பாறைக்கும் சிப்பிக்குமான காப்பு. சிறிய முட்களையும் ஓரளவு தடுக்கும். ஊத்தாவுக்குள் கைவிடுபவர் மீனின் தலைப்பக்கத்தில் அப்படியே கவ்விப் பிடித்தால் தேளியின் இரண்டு முட்களும் உள்ளங்கைக்குள் வரும். கையை விடாமல் ஊத்தாவைச் சாய்த்து, சின்னக் கைவலையால் அள்ளுவது மெதுவான வேலைதான். போட்டியும் கூச்சலுமான திருவிழாவில் அந்தப் பொறுமை யாருக்கும் வராது என்பதும் உண்மை. குறைந்தபட்சம் கரையில் ஓர் அடுப்பும் ஓர் அண்டா வெந்நீரும் வைத்திருப்பது ஊர்க்கமிட்டியால் முடியாத காரியம் இல்லை.

படகில் மீன் பிரிக்கும் இடத்தில் குத்து இன்னும் அதிகம். ஓராவின் முதுகில் 13, அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4 என மொத்தம் 24 முட்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஏதோ ஒன்று தயாராக நிற்கும். கெளுத்தி வலையை விட்டு வந்ததும் குறடால் மூன்று முள்ளையும் ஒடித்துவிடுவது நல்ல பழக்கம். ஒடித்த முள்ளைத் தளத்தில் போட்டுவிடுவது கெட்ட பழக்கம்.

செத்த மீன் குத்தாது என்பதும் அப்படியே நம்பத் தகுந்ததல்ல. மீன் செத்து மணிக்கணக்கு ஆனாலும் முள்ளுறையில் விஷம் வீரியத்தோடு இருக்கும். ஐஸ் அதைக் கெடுப்பதில்லை, காத்து வைக்கிறது. சந்தையில் மீன் வெட்டுபவரும் வீட்டில் கழுவுபவரும் குத்து வாங்குவது இதனால்தான். அவர்களுக்கும் அதே வெந்நீர்தான்.

விஷ மீனைச் சாப்பிட்டால் விஷம் ஏறும் என்ற பயம் மட்டும் தேவையில்லாதது. முள்ளிலுள்ள விஷம் கொதிக்கும் குழம்பில் முற்றிலும் கெட்டுவிடும். சதையில் அது இருப்பதும் இல்லை. திருக்கைக் குழம்பு தலைமுறை தலைமுறையாகச் சமைக்கப்படுகிறது. தேளியை வங்காளத்தில் சிங்கி என்ற பெயரில் நோயிலிருந்து தேறுபவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். கடலில் உண்மையிலேயே தின்னக்கூடாத மீன் வேறு. பேத்தைக்கு விஷ முள்ளே கிடையாது, யாரையும் குத்தாது. அதன் ஈரலிலும் சினையிலும் பல இனங்களில் தோலிலும் இருக்கும் நஞ்சு புரதம் அல்லாததால் எத்தனை நேரம் வேகவைத்தாலும் அழியாது. அதற்கும் முறிவு மருந்து கிடையாது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழந்தால், நஞ்சு தானாக வெளியேறும்வரை செயற்கைச் சுவாசம் தந்து காப்பதைத் தவிர மருத்துவமனையிலும் வேறு வழி இல்லை.